குழந்தைக்கு நகச்சுத்தி வந்தால்: ஆன்டிபயாடிக் எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

குழந்தையின் நகக்கண் ஓரம் வீங்கி, தொட்டாலே கையை இழுத்துக்கொள்கிறதா? எங்கள் மகளுக்கு வந்தபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலைச் சொருகு என்றார் ஒருவர், மஞ்சளும் சுண்ணாம்பும் என்றார் இன்னொருவர். மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலேயே ஒரு சிரப்பை எடுத்து நீட்டினார்கள். எதை எப்போது செய்வது என்று வரிசையாகச் சொல்ல யாரும் இல்லை. பிறகு மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விரலில் சீழ் கட்டிவிட்டால் அது வெளியே வந்தாக வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்கும் கட்டிய சீழைக் கரைக்காது. சீழ் கட்டாத ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கீழே வரும் மருந்து அளவுகள் நீங்களாகக் கொடுப்பதற்கு அல்ல. டாக்டர் எழுதியதும் கடையில் தந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு.

1. விரலில் வந்திருப்பது என்ன என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளிலும் அதே விரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் குழந்தைகளின் நிறத்தில் சிவப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ இருக்கும், தோல் இழுபட்டு மினுமினுக்கும். நிறத்தைவிட சூடும் வீக்கமும் நம்பகமான அடையாளங்கள்.

நகத்தின் ஓரத்திலோ அடியிலோ மட்டும் வீங்கியிருந்தால் அது சாதாரண நகச்சுத்தி. நகம் கடிப்பது, நகக்கண் தோலைப் பிய்ப்பது, விரல் சூப்புவது, ஒட்ட வெட்டுவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கைக்குழந்தையின் நகத்தைப் பல்லால் கடித்து எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் வாயிலுள்ள கிருமி நேராக உள்ளே போகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

விரல் நுனியின் சதைப்பகுதி, அதாவது ரேகை வைக்கும் பக்கம், கல் மாதிரி இறுகி விண் விண்ணென்று தெறித்தால் அது வேறு. அங்கே சதை சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டிருப்பதால் சீழ் பரவ இடமில்லாமல் அழுத்தம் ஏறும். எலும்புவரை போகக்கூடியது. வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

சதைப்பகுதியில் பெரிய கொப்புளம் ஒன்று எழும்பி, உள்ளே கலங்கிய நீரோ சீழோ இருந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் வேலை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளிடம் பார்க்கலாம். இதற்குக் கொப்புளத்தை வடித்துவிட்டு வாய்வழி ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள்.

இனி, பலரும் ஏமாறும் ஒன்று. சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக, தெளிந்த நீரோடு இருக்கின்றன. குழந்தைக்கு வாயிலும் புண் இருக்கிறது அல்லது சில நாள் முன்பு இருந்தது. விரல் சூப்பும் பழக்கமும் உண்டு. இப்படி இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். பார்ப்பதற்கு நகச்சுத்தி போலவே இருக்கும். ஆனால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கீறினால் மோசமாகும். இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். வாய்ப்புண் இருந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். விரலைக் காட்டும்போது வாயைப் பற்றி யாருக்கும் நினைவு வராது.

2. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இவற்றில் ஒன்று இருந்தாலும், இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.
- காய்ச்சல் இருக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது.
- விரலிலிருந்து கை நோக்கிச் சிவந்த கோடு ஏறுகிறது, அல்லது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.
- விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, லேசாக மடங்கியே நிற்கிறது. நீங்கள் மெல்ல நிமிர்த்தினாலே அலறுகிறது. உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலிக்கிறது.
- நாயோ பூனையோ குரங்கோ கடித்த, பிறாண்டிய இடம்.
- குழந்தைக்குச் சர்க்கரை நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, அல்லது ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது.

நான்காவதாகச் சொன்னது தசைநாணைச் சுற்றிய உறைக்குள் கிருமி போய்விட்டதன் அடையாளம். கையைக் காப்பாற்றுவதற்கே நேரம் குறைவு. மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற தனிப் பிரிவு உண்டு. எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. வண்டி இல்லையென்றால் 108.

கடித்த காயம் என்றால் கிளம்புவதற்கு முன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வெறிநாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்கள் என்பதற்காக அந்த ஊசியை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு வேலை.

3. முதல் நாள்: பொறுக்கும் சூட்டில் வெந்நீர்

மேலே சொன்ன ஆபத்து எதுவும் இல்லை, நகத்தோரம் மட்டும் லேசாக வீங்கியிருக்கிறது, சீழ் தெரியவில்லை என்றால் முதல் நாளில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், உங்களுக்கே சுகமாக இருக்க வேண்டும். அதில் விரலை 10 முதல் 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. மூன்று வயதுக் குழந்தை பத்து நிமிடம் உட்காராது என்பது எனக்குத் தெரியும். கிண்ணத்தில் நாலு பிளாஸ்டிக் மூடிகளைப் போட்டு எடுக்கச் சொன்னால் உட்காரும். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து நன்றாக உலர்த்துங்கள். மியூபிரோசின் போன்ற களிம்பை டாக்டர் சொல்லியிருந்தால் இப்போது போடலாம். விரல் சூப்பும் குழந்தை என்றால் களிம்பு நேராக வாய்க்குப் போகும். உறங்கிய பிறகு போட்டு, கையில் பருத்தி உறை மாட்டுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். சொட்டு மருந்தாக வரும் பாட்டிலும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல என்பதை மறக்காதீர்கள். சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தியானது. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிடும் தவறு நிறைய வீடுகளில் நடக்கிறது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

விரலில் மோதிரம் இருந்தால் முதல் நாளே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கயிறு கட்டுவது, இறுக்கமாகத் துணி சுற்றுவது வேண்டாம்.

எலுமிச்சம்பழம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். தோல் ஏற்கெனவே பிரிந்திருக்கும் இடத்தில் அமிலம் எரியும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. சுண்ணாம்பு குழந்தைத் தோலைப் பொசுக்கும். மஞ்சள், மருதாணி, ஊதா நிற ஜி.வி. பெயின்ட் இவற்றில் எனக்குள்ள கவலை வேறு. நிறம் ஏறிவிட்டால் சிவப்பு எங்கே முடிகிறது என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. பாட்டிமார்கள் அக்கறையில் சொல்வதுதான். “டாக்டர் பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, அத்தை” என்று மென்மையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஊக்கை நெருப்பில் காட்டிக் குத்துவது மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம்.

ஒரு நாளில் வீக்கம் குறையவில்லை, அல்லது மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு திட்டு தெரிகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

4. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

சாதாரண நகச்சுத்திக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். சீழ் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் தாலுகா மருத்துவமனையோ மாவட்ட மருத்துவமனையோ நல்லது. அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. காலையில்தான். மதியத்துக்குப் பிறகு போனால் அவசரப் பிரிவில் உள்ளவர் பார்த்துவிட்டு நாளைக்கு வரச் சொல்லக்கூடும். எட்டு மணிக்கு முன் வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வேலை முடியும்.

எடுத்துப்போக வேண்டியவை:

- தடுப்பூசி அட்டை, அதாவது தாய் சேய் நல அட்டை. டெட்டனஸ் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றரை வயது ஊசியும் ஐந்து வயது ஊசியும் போட்டிருக்கிறதா என்று நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள்.
- குழந்தையின் இப்போதைய எடை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மருந்தின் அளவு முழுக்க எடையை வைத்துத்தான். ஆறு மாதம் முன்பு எடுத்த எடையைச் சொல்லாதீர்கள். அங்கேயே செருப்பைக் கழற்றி நிறுத்தி எடை பார்க்கச் சொல்லுங்கள்.
- இதுவரை கொடுத்த மருந்துகளின் பாட்டிலும் அட்டையும். பெயர் நினைவில் இருக்காது, பாட்டிலையே கொண்டுபோங்கள்.
- முன்பு ஏதாவது மருந்துக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அந்த மருந்தின் பெயர் எழுதிய தாள்.
- வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து கைபேசியில் எடுத்த படங்கள், தேதியோடு.
- ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். வெறும் ஓ.பி.க்கு இவை தேவைப்படாது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் தேடி ஓட வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு கிடையாது. ஆனால் பல இடங்களில் மருந்து மூன்று நாளுக்குத்தான் தருவார்கள். சீட்டில் ஏழு நாள் எழுதியிருந்தால் மூன்றாம் நாள் மாலைக்குள் மறுபடி போய் வாங்கிவிட வேண்டும். ஞாயிறு குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரில் குழந்தை நல மருத்துவர் கட்டணம் ஊரைப் பொறுத்து 300 முதல் 700 ரூபாய்வரை இருக்கும். சிரப்பும் களிம்பும் சேர்த்து சில நூறு ரூபாய். சீழ் எடுப்பதுதான் செலவைக் கூட்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு ஓ.பி.யிலேயே எடுத்தால் சில ஆயிரங்களில் முடியும். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் எடுத்தால் அதைப்போலப் பல மடங்கு. இரண்டில் எது, ஏன் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை, மதிப்பீட்டைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை. ஓ.பி. சிகிச்சைக்கு அது வராது. விரலில் எலும்புவரை போய், சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றால் கேட்டுப்பார்க்கலாம். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். அவசரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல அது, இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றின் அசலையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் வெறும் ஓ.பி. செலவைத் தருவதில்லை.

5. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும்

கூட்டம் இருக்கும், இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது: “சீழ் இருக்கா, எடுக்கணுமா?” இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஆன்டிபயாடிக் பற்றிய பேச்சு. சீழ் முழுதும் வெளியேறிவிட்டால், ஆரோக்கியமான குழந்தைக்குச் சுற்றிலும் சிவப்பு பரவவில்லை என்றால், வாய்வழி மருந்தே வேண்டாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஒரு ஊசி போட்டா சீக்கிரம் ஆறிடுமே டாக்டர்” என்று நாம் கேட்பதனாலேயே தேவையில்லாத ஊசிகள் போடப்படுகின்றன.

அடுத்து இவற்றைச் சொல்லுங்கள்: விரல் சூப்புகிறதா, நகம் கடிக்கிறதா, வாய்ப்புண் இருந்ததா, முள்ளோ குச்சியோ குத்தியதா, வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வருகிறதா. விரல் சூப்பும் குழந்தைக்கு எழுதும் மருந்து வேறாக இருக்கலாம். வீட்டில் பலருக்கும் மாறி மாறிக் கட்டி வந்தால் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை இருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார்.

6. கீறிச் சீழ் எடுப்பது எப்படி நடக்கும்

பெயர்தான் பயமுறுத்துகிறது. நகத்தோரம் மேலாக இருக்கும் சீழுக்குப் பல சமயம் நகக்கண் தோலை மெல்ல நெம்பிவிட்டாலே வடிந்துவிடும். ஆழமாக இருந்தால் விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். குழந்தை அழுவது பெரும்பாலும் அந்த ஊசிக்குத்தான். சீழ் வெளியேறிய சில நிமிடங்களில் தெறிக்கும் வலி அடங்கி, அன்றிரவு குழந்தை தூங்கிவிடும்.

மயக்க மருந்து தேவைப்படலாம் என்று தோன்றினால் வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவு ஆறு மணி நேரம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அழுகிறதே என்று பிஸ்கட் கொடுத்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள்.

எடுத்த சீழை, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். எல்லாருக்கும் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருகிறது, முன்பே ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அனுப்புவதே நல்லது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதை வாங்கிப் போய்க் காட்ட வேண்டியது நம் பொறுப்பு, அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று இருக்காதீர்கள்.

7. எந்த ஆன்டிபயாடிக், ஏன்

விரலில் வரும் சீழுக்குப் பெரும்பாலும் காரணம் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதனால் செஃபலெக்சின் வழக்கமாக எழுதப்படும் மருந்து. விரல் சூப்பும், நகம் கடிக்கும் குழந்தைகளுக்கும், கடிபட்ட காயத்துக்கும் வாய்க்கிருமிகளையும் சேர்த்துப் பிடிக்கும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கிளிண்டமைசின் போன்றவை. சாதாரண நகச்சுத்திக்கு 5 முதல் 7 நாள் போதும்.

செஃபலெக்சினின் வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 50 மி.கி., மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்து. 15 கிலோ குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 375 முதல் 750 மி.கி. மூன்று வேளை என்றால் ஒரு வேளைக்கு 125 முதல் 250 மி.கி. உங்கள் சீட்டில் இருப்பது இந்த எல்லையை விட்டு வெகுதூரம் விலகி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். காரணம் இருக்கலாம், கைத்தவறாகவும் இருக்கலாம்.

இப்போது மருந்துக்கடையில் நேராகக் கிடைப்பதைப் பற்றி. “காய்ச்சலுக்கும் சளிக்கும் இதுதான் போகுது” என்று அதிகம் நீட்டப்படுவது செஃபிக்சிம், அல்லது மூன்று நாள் அசித்ரோமைசின். செஃபிக்சிம் வேறு சில நோய்களுக்கு நல்ல மருந்துதான், ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸிடம் அதற்குப் பெரிய வலிமை இல்லை. குழந்தை மூன்று நாள் மருந்து குடித்திருக்கும், வயிறு கெட்டிருக்கும், விரல் அப்படியே இருக்கும். இடையில் சீழ் ஆழமாகப் போயிருக்கும். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. காசு போனது பெரிதில்லை, அந்த மூன்று நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் அப்படித்தான். அரிப்புக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கும் டியூபை எடுத்துப் போட்டால் ஒரு நாள் சிவப்பு அடங்கியது போல் தெரியும், உள்ளே கிருமி வளரும்.

8. மருந்து வாங்கும்போது

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது சட்டம். செஃபிக்சிம் போன்ற சில மருந்துகள் 2014 மார்ச் முதல் ஹெச் 1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரர் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, உங்கள் குழந்தையைக் காப்பாற்றுகிறார்.

கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் பாட்டிலில் உள்ள வீரியத்தைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். செஃபலெக்சின் சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றும் வரும், 250 மி.கி. என்றும் வரும். அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டில் 228.5 என்றும் 457 என்றும் இரண்டு இருக்கின்றன. “அது ஸ்டாக் இல்ல, இது அதேதான்” என்று மாற்றிக் கொடுத்தால் மருந்து அதேதான், ஆனால் கொடுக்க வேண்டிய மி.லி. பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும். டாக்டருக்கோ அங்குள்ள நர்ஸுக்கோ போன் செய்து புதிய அளவை அந்தப் பாட்டில் மீதே எழுதி வையுங்கள்.

எத்தனை பாட்டில் என்பதையும் கணக்குப் போடுங்கள். ஒரு வேளைக்கு 5 மி.லி., மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 105 மி.லி. கடையில் கிடைப்பது 30 மி.லி. பாட்டில், ஆகவே நான்கு வேண்டும். இந்தச் சிரப்புகள் தண்ணீர் கலக்க வேண்டிய பொடியாகத்தான் வரும்; நான்கையும் பொடியாகவே வாங்கி வைத்துக்கொண்டு ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்து வைத்துவிடாதீர்கள். மக்கள் மருந்தகத்திலும் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

9. கலக்குவது, அளப்பது, கொடுப்பது

பொடி கட்டியாக இருக்கும். தண்ணீர் ஊற்றும் முன் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர், அல்லது கூடவே தரும் தண்ணீர். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும், அப்போது கோடுவரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். இந்த இரண்டாவது ஊற்றலை விட்டுவிட்டால் மருந்து கெட்டியாகி அளவு தவறும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. லேபிளில் போட்டிருக்கும் நாளுக்குமேல், பொதுவாக 7 நாளுக்குமேல், வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீரில் கரையும் மாத்திரையாக எழுதித்தர முடியும்.

வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். டீ ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. ஊசி இல்லாத சிரிஞ்சு பத்து ரூபாய்க்குள் கிடைக்கும், அதுதான் சரியான அளவு. ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகு எடுத்து, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் துப்பும், மூக்கைப் பிடித்தால் புரையேறும். சங்கிலோ பாலாடையிலோ கொடுத்துப் பழகியவர்கள் சிரிஞ்சில் அளந்து அதில் ஊற்றிக்கொள்ளலாம்.

அமாக்சிசிலின்–கிளாவுலனேட் சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுக்கு நல்லது. இரண்டு வேளை மருந்து என்பதால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வசதி. மூன்று வேளை செஃபலெக்சினை காலை 7, பள்ளி விட்டதும் 4, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இரண்டு மூன்று தடவை இளகிப் போனால் பயம் வேண்டாம், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். நீராகப் போய்க்கொண்டே இருந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீங்குவது, மூச்சு இளைப்பது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனை. அந்த மருந்தின் பெயரைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

10. 48 மணி நேரக் கணக்கு

முதல் வேளை கொடுத்ததும் வீக்கம் முடியும் எல்லையைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து படம் எடுங்கள். செலவில்லாத இந்த வேலை பெரிய உதவி. 48 மணி நேரத்தில் வலி குறைந்திருக்க வேண்டும், வீக்கம் கோட்டுக்குள் சுருங்கியிருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால், புதிதாகக் காய்ச்சல் வந்தால், டாக்டர் சொன்ன மறுவருகை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சீழ் உள்ளே மிச்சம் இருக்கலாம், மருந்து பொருந்தாமல் இருக்கலாம், முள் உள்ளே இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் அதற்குக் காரணம் எலும்பைப் பற்றிய கவலை.

இரண்டு நாளில் விரல் நன்றாகிவிட்டது என்றாலும் டாக்டர் எழுதிய நாள்வரை கொடுங்கள். மீதி இருக்கிறதே என்று கூடுதலாக இரண்டு நாள் கொடுப்பதும் தேவையில்லை. மிச்சமான சிரப்பைக் கொட்டிவிடுங்கள். தம்பிக்கு வந்தால் ஆகும் என்று எடுத்து வைத்தால் அது கெட்ட மருந்து, அவன் எடைக்கு அளவும் வேறு.

11. ஆறிய பிறகு

நகம் கழன்று விழுந்தால் பதற வேண்டாம். கீழிருந்து புதிது வரும், கை நகம் முழுதாக வளர ஆறு மாதம்வரை ஆகலாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடைய வேண்டாம். ஆளுக்கொரு நகவெட்டி இருந்தால் நல்லது. நகக்கண்ணில் எழும்பி நிற்கும் தோலை இழுக்காமல் வெட்டிவிட வேண்டும். விரல் சூப்புவதை அடித்தோ வேப்பெண்ணெய் தடவியோ நிறுத்த முயன்றால் பிடிவாதம் கூடும். புண் ஆறும்வரை கைக்கு வேறு வேலை கொடுப்பதே பலித்தது.

ஆறு வாரத்துக்குமேல் நகத்தோரம் தடித்து, அவ்வப்போது வலித்து, ஆறாமலே இருந்தால் அது வேறு கதை. ஈரத்தாலும் எரிச்சலாலும் வருவது, சில சமயம் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். அதற்கு இன்னொரு பாட்டில் ஆன்டிபயாடிக் கேட்காமல், பழைய சீட்டுகளையும் கல்ச்சர் முடிவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.